கொடும்பையில் பிரியும் வழிகள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் பெருவழியில், விராலிமலையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் கொடும்பாளூர் வரும். இருக்குவேளிர் என்னும் வேளிர் குடியினர் அரசு செலுத்திய ஊர் இது. அக்குடியின் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் எழுப்பிய மூவர் கோயிலில் இன்று நிற்பவை இரண்டு விமானங்களே. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. நடு விமானத்தின் சுவரில் அவ்வேளிரின் வழிமுறையைக் கூறும் கல்வெட்டு ஒன்று உண்டு. மொழி வடமொழி, எழுத்து கிரந்தம். காலம் 9-ஆம் நூற்றாண்டா 10-ஆம் நூற்றாண்டா என்று அறிஞர் வழக்காடுவர். வழக்கு எதுவாயினும், உளி பிடித்த கை வரைந்த வளைவுகளை இன்றும் நாம் விரலால் தடவிப் பார்க்கலாம்.

கல்லில் வெட்டியவனுக்கு ஒரு வசதி இருந்தது. எழுத்து எத்தனை என்பது அவனுக்குக் கவலையில்லை. உளி ஒன்று, எழுத்து எத்தனையாயினும் வெட்டலாம். ஓலையில் எழுதியவனுக்கும் அவ்வாறே. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் தமிழுக்கு ஒரு சுமை என்னும் எண்ணம் எழுந்தது, எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனி உலோகத் துண்டாகவோ விசையாகவோ மாறவேண்டிய நாளில்தான். அந்த மாற்றத்தின் வரலாற்றில் நாம் சிறிது நின்று பார்க்க விரும்புவது விசைப்பலகையை. அச்சு வரலாறு பற்றி நம் மக்கள் ஓரளவு அறிவர். விசைப்பலகையின் வரலாற்றைப் பேசுவோர் சிலரே.

ஆயினும் அச்சிலிருந்தே தொடங்கவேண்டும். 1554-இல் லிஸ்பன் நகரில் ஒரு சிறு மறைக்கல்வி நூல் அச்சாயிற்று. வின்சென்ட் நாசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா தா குரூஸ் என்னும் மூவர் அதை உருவாக்கினர். மொழி தமிழ், எழுத்து உரோமன். தமிழ் எழுத்து வார்க்கப்படாத காலம் ஆதலால் வேறு வழியில்லை. ஆனால் அந்நூலை முத்துக்குளித்துறையில் யார் படிக்க இயலும்? உரோமன் எழுத்தறிந்த குருக்கள் படித்துக் காட்டலாம், மக்கள் கேட்கலாம், அவ்வளவே. மக்கள் தாமே படிக்கவேண்டுமெனில் எழுத்து அவர்களுடையதாக இருக்கவேண்டும். கோவாவில் 1577-இல் எழுத்து வார்க்கப்பட்டு, கொல்லத்தில் 1578-இல் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே வெளிவந்ததற்கு இதுவே பொருள் என்று நாம் கருதுகின்றோம். 16 பக்கமே கொண்ட சிறு நூல். அதில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்பதற்காக விட்டுவிட்ட பழக்கம், கிழியாத தாளுக்கும் அப்படியே வந்து சேர்ந்தது. கருவி மாறினாலும் கைப்பழக்கம் உடனே மாறுவதில்லை.

அடுத்த பெயர் வீரமாமுனிவர். எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாட்டை முற்காலத்தார் புள்ளியால் காட்டினர். ஓலையில் புள்ளி மறைந்தபோது அவ்வேறுபாடும் மறைந்தது. சூழலைக் கொண்டே எது குறில், எது நெடில் என்று படிப்பவர் உய்த்துணர்ந்தனர். நெடிலுக்குத் தனி வடிவம் தந்து, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்று பிரித்த சீர்திருத்தத்தை மரபு அவருக்கே உரியதாக்குகிறது. பிற்காலத் தட்டச்சுப் பொறியில் ஒற்றைக்கொம்புக்கு ஒரு விசையும் இரட்டைக்கொம்புக்கு ஒரு விசையும் அமைந்தது 18-ஆம் நூற்றாண்டின் அந்தத் திருத்தத்தால்தான். இதை எந்தத் தட்டச்சுப் பாடநூலாவது கூறியிருந்தால் எத்துணை நன்றாக இருந்திருக்கும்!

தட்டச்சுப் பொறிக்கு வருவோம். ஷோல்ஸ் என்னும் அமெரிக்கர் 1868-இல் காப்புரிமை பெற்று, ரெமிங்டன் நிறுவனம் 1870-களில் சந்தைக்குக் கொண்டுவந்த பொறி, 26 எழுத்து மொழிக்கு ஏற்றது. ஏறத்தாழ 45 விசைகள். ஒவ்வொன்றிலும் மேல் ஒன்று, கீழ் ஒன்று. அந்தக் கூட்டுக்குள் தமிழை எப்படி அடைப்பது? விடை கண்டவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்த இராமலிங்கம் முத்தையா. 1907-இல் மலாயாவுக்குப் புறப்பட்டுச் சென்று, வணிக நிறுவனம் ஒன்றில் எழுத்தராக உழைத்தவர். பகலெல்லாம் ஆங்கிலப் பொறியின் ஓசையைக் கேட்ட ஒருவர், இதில் ஏன் தமிழ் ஒலிக்கக்கூடாது என்று எண்ணியதில் வியப்பில்லை. எண்ணியதோடு நில்லாமல் செய்துமுடித்ததே வியப்பு.

அவருடைய அமைப்பின் உயிர்நிலை ‘நகரா விசை’. தட்டச்சுப் பொறியில் விசையை அழுத்தியதும் எழுத்து தாளில் விழும். தாளைத் தாங்கிய வண்டி ஓரிடம் இடப்பக்கம் நகரும். ‘வி’ என்று அடிக்கவேண்டுமெனில் விசிறியும் வகரமும் ஒரே இடத்தில் விழவேண்டும். எனவே விசிறிக்கும் புள்ளிக்கும் உரிய விசைகள் வண்டியை நகர்த்தாதபடி செய்தார். குறி முதலில் விழும், வண்டி அசையாது, அதே இடத்தில் எழுத்து வந்து அமரும், பிறகே வண்டி நகரும். இரண்டு அடியில் ஓர் எழுத்து! 247 என்னும் மலை, நூறுக்கும் குறைந்த அச்சு வடிவங்களுக்குள் அடங்கிற்று. செருமனியின் டிரெஸ்டன் நகரத்துச் சைடல்–நௌமன் நிறுவனம் இவ்வமைப்பில் தமிழ்ப் பொறிகளை உருவாக்கியது. கையில் எடுத்துச் செல்லும் சிறு பொறி ‘பிஜோ’ என்னும் பெயரில் வந்தது. யாழ்ப்பாணத்தவர் ஒருவர் மலாயாவில் சிந்தித்ததை, தமிழ் ஒரு சொல்லும் அறியாத செருமானியத் தொழிலாளர் எஃகில் வார்த்தனர்.

எளிதில் அடங்காத எழுத்துகளும் இருந்தன. ‘டி’யில் விசிறி அடியிலேயே ஒட்டிக்கொள்வதால் அதற்குத் தனி இடம் கொடுக்கவேண்டியிருந்தது. உகர வரிசை ஒவ்வொரு மெய்க்கும் ஒவ்வொரு வடிவில் வளைவதால், ககரத்தின் மேல்நிலையில் ‘கு’, மகரத்தின் மேல்நிலையில் ‘மு’, தகரத்தின் மேல்நிலையில் ‘து’ என்று குடியமர்த்தினர். ணகர, றகர, னகர ஆகாரங்களின் பழைய வளைவுகளும், யானைத் துதிக்கை போல் முன்னே சுருளும் ஐகாரங்களும் பொறிக்குத் தொல்லை தந்தன. அவ்வடிவங்களை விட்டொழிக்கலாம் என்று தந்தை பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ இதழிலேயே செய்துகாட்டினார். தமிழ்நாட்டரசு அம்மாற்றத்தை ஏற்று ஆணையிட்டது 1978-இல். 13 எழுத்துகள் வடிவம் மாறின. அழகு குறைந்தது என்று வருந்திய புலவரும் உண்டு. பழைய ‘லை’யின் துதிக்கை அழகுதான், அதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் பொறியின் முன் அமர்ந்த எழுத்தரின் விரலுக்கும் ஒரு வழக்கு உண்டு, அவ்வழக்கே வென்றது.

1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் அலுவலகங்களில் தமிழ்ப் பொறியின் தேவை பெருகிற்று. 1955-இல் இந்தியாவிலேயே தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனமும் ரெமிங்டனும் தமிழ்ப் பொறிகளை விற்றன. வட்டத் தலைநகர்தோறும் தட்டச்சுப் பயிலகம் தோன்றியது. மக்கள் வாயில் அது எந்நாளும் ‘டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்’தான். லோயர், ஹையர் என்னும் இரண்டு தேர்வுகள் எத்தனை குடும்பங்களில் அடுப்பெரியச் செய்தன என்பதை எண்ணிப் பாருங்கள். மேல்நிலைப் பள்ளியை முடித்துவிட்டு மேலே படிக்க வசதியற்ற பெண்பிள்ளைகள், காலை ஆறு மணிக்குப் பின்னலும் பூவுமாகச் சென்று, இடக்கை விரல்களை ய, ள, ன, க என்றும், வலக்கை விரல்களை த, ம, ட, புள்ளி என்றும் வைத்து மணிக்கணக்கில் பழகினர். ‘யளனக’ என்பது அகராதியில் இல்லாத சொல். ஆனால் அன்றைய தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான மந்திரம் அதுவே.

நம் பங்குகளும் அப்பொறிக்குக் கடன்பட்டவை. பங்குச் செய்திமடலும் பாடல் தாளும் சிலுவைப்பாதை மன்றாட்டும் ஸ்டென்சில் தாளில் அடித்து, சைக்ளோஸ்டைல் பொறியில் உருட்டி எடுத்தவையே. ஸ்டென்சிலுக்கு ரிப்பனை விலக்கிவிட்டு வெறும் எழுத்தால் அடிக்கவேண்டும். அடி மெலிந்தால் எழுத்து விழாது. ஓங்கிவிட்டாலோ புள்ளி துளையாகிப் பக்கமெங்கும் மைப்பொட்டாகப் பரவும். ஓலையைக் கிழித்த அதே புள்ளி, நானூறு ஆண்டு கழித்து மெழுகுத் தாளையும் கிழித்தது!

கணினி வந்தபோது கதை திரும்பியது. இங்கே ஒரு நுட்பத்தைக் கூறவேண்டும். தட்டச்சுப் பொறியில் எழுத்து விசையோடு பிறந்தது. ககரத்தின் கம்பியில் ககரமே வார்க்கப்பட்டிருக்கும். கணினியின் விசைப்பலகைக்கோ எந்த மொழியும் தெரியாது. இத்தனையாவது விசை அழுந்தியது என்று ஓர் எண்ணை மட்டுமே அது அனுப்பும். அந்த எண்ணை எழுத்தாக்குவது உள்ளிருக்கும் மென்பொருள். ஆகவே, மூடியின் மேல் உரோமன் எழுத்து அச்சிடப்பட்டிருப்பதால் அது ஆங்கில விசைப்பலகை என்று நாம் எண்ணுவது கண்ணின் மயக்கமே.

அப்பலகைகளிலேயே ஒரு தலைமுறை, கட்டுமானத்தால் தனிப் புகழ் பெற்றது. 1981-இல் ஐபிஎம் நிறுவனம் தன் சொந்தக் கணினியோடு தந்த ‘மாடல் எஃப்’ பலகையும், 1985-ஐ ஒட்டி வந்த ‘மாடல் எம்’ பலகையும் இரும்புத் தகட்டின் மேல் அமைந்தவை. ‘மாடல் எம்’ இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு சுருள்வில் நிற்கும். அழுத்தினால் ஒரு கட்டத்தில் சட்டென்று பக்கவாட்டில் மடியும். அந்த மடிப்பை விரல் உணரும், காது கேட்கும், அக்கணமே எழுத்து பதியும். செருமனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் உருவாக்கிய தனித்தனி விசைப்பொறிகளும் இவ்வகையில் பெயர் பெற்றவை. பின்னர், விலையைக் குறைப்பதற்காக ரப்பர்க் குமிழ் வைத்த மெல்லிய பலகைகள் வந்தன. ஊசிப்போன வடையை அழுத்துவது போன்ற உணர்ச்சி அவற்றுக்கு.

பழைய பலகைகளை ஆர்வலர் உலகெங்கும் தேடி எடுக்கின்றனர். மூடிகளைக் கழற்றிச் சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவுவர். வெயிலில் மஞ்சள் பாய்ந்த பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெளுப்பர். ‘மாடல் எம்’ பலகையின் உள்ளே தகடுகளைப் பிணைக்கும் பிளாஸ்டிக் குமிழ்கள் நாளடைவில் உதிர்ந்துவிடும். அவற்றைச் சீவியெறிந்து, துளையிட்டு, சிறு திருகாணியும் மரையும் பூட்டுவர். பழைய இணைப்புமுனை இன்றைய கணினிக்குப் பொருந்தாததால், இடையில் ஒரு சிறு சில்லை வைத்து மொழிபெயர்க்கச் செய்வர். எந்த விசை எந்தப் பணியைச் செய்யவேண்டும் என்பதைத் தாமே மாற்றி எழுதிக்கொள்ளக் கட்டற்ற மென்பொருள்களும் உண்டு. அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் யூனிகாம்ப் என்னும் சிறு நிறுவனம், 1996-ஆம் ஆண்டு பழைய அச்சுகளை விலைக்கு வாங்கி, அந்த மடியும் வில்லை இன்றளவும் செய்து விற்கிறது. இதை ஒரு பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாம். ஆயினும், எறிந்துவிடும் பொருளால் நிறைந்த ஒரு காலத்தில், நாற்பது ஆண்டுப் பழைய கருவியைப் பழுதுபார்த்து வேலை வாங்குவோரை நாம் மதிக்கவே விழைகின்றோம்.

அவர்களுடைய வேட்கை நமக்கு எழுப்பும் கேள்வி வேறு. எண்ணை மட்டுமே அனுப்பும் அப்பலகையில் தமிழை எந்த வரிசையில் அமர்த்துவது?

இங்கேதான் கொடும்பாளூர் மீண்டும் நினைவுக்கு வருகிறது. சிலப்பதிகாரத்தில், உறையூரைக் கடந்து வரும் கோவலனுக்கும் கவுந்தியடிகளுக்கும் மாங்காட்டு மறையோன் மதுரைக்கு வழி கூறுவான். கொடும்பை நகரத்துக் குளக்கரையை அடைந்தால் வழி மூன்றாகப் பிரியும். சிவன் ஏந்திய சூலத்தின் மூவிலை போல் என்பான். மூன்றும் மதுரைக்கே செல்வன. கணினித் தமிழும் அப்படியொரு குளக்கரையில் நின்றது.

முதல் வழி, பழைய தட்டச்சு முறையை அப்படியே கணினிக்குக் கொண்டுவருவது. பழகிய விரல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தமையால் இது இயல்பாகவே நிகழ்ந்தது. ஈழத்தமிழரிடையே பரவிய ‘பாமினி’ எழுத்துருவும் அவ்வமைப்பையே தழுவியது. இம்முறையில் எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்கப்படும். ‘கொ’ என்பதற்குக் கொம்பு, ககரம், கால் என மூன்று அடி. கணினியில் நகரும் வண்டியே கிடையாது. ஆயினும் வண்டிக்காகப் பிறந்த வரிசை அங்கும் குடியேறியது.

இரண்டாம் வழி, 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய ‘தமிழிணையம் 99’ மாநாட்டில் உருப்பெற்று, அவ்வாண்டே தமிழ்நாட்டரசின் ஏற்பைப் பெற்ற ‘தமிழ்99’. இடப்பக்கம் உயிர்கள், வலப்பக்கம் மெய்கள். ‘கொ’ வேண்டுமெனில் ககரத்தை அடித்து ஒகரத்தை அடித்தால் போதும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகும் என்று நாம் பள்ளியில் படித்த பாடத்தை விரல் செய்துகாட்டுகிறது. ககரத்தை இருமுறை அடித்தால் முதற்ககரம் தானே புள்ளி பெற்று ‘க்க’ ஆகிவிடும். ‘ந’வை அடுத்துத் ‘த’ வந்தால் ‘ந்த’. ‘ம’வை அடுத்துப் ‘ப’ வந்தால் ‘ம்ப’. மெல்லினம் தன் இன வல்லினத்தைத் தழுவிவரும் என்னும் இலக்கண நெறியை மென்பொருளுக்குள் வைத்துத் தைத்திருக்கின்றனர். இவ்வமைப்பைக் காண நன்னூல் ஆசிரியர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

மூன்றாம் வழி உரோமன் வழி. உரோமன் எழுத்தின் ஒலியைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவது போல் அடித்தால், திரையில் தமிழ் தோன்றும். 1980-களின் நடுவிலேயே மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கத் தொடங்கிய ‘முரசு’ மென்பொருளின் வழி வந்த ‘அஞ்சல்’ முறை இவ்வகையில் மிகவும் பரவியது. அயல்நாடுகளில் சிதறி வாழ்ந்த தமிழர் ஒருவரோடொருவர் தமிழில் மடல் எழுதியதற்கு இவ்வழியே துணைநின்றது. அந்நன்றியை மறத்தல் ஆகாது. புதிதாக எதையும் பழகவேண்டாம் என்பதே இதன் வலிமை.

மறையோன் கூறிய வழிகளில் இடப்பக்க வழி திருமால்குன்றம் வழியாகச் செல்வது. அங்குள்ள பொய்கை ஒன்றில் நீராடினால் இந்திரனின் இலக்கண நூல் வாய்க்குமாம். நடுவழி அணிமையானது, ஆனால் மயக்கும் கானுறை தெய்வம் ஒன்று அங்கு உண்டு. கோவலன் குழாத்தினர் தேர்ந்துகொண்டது நடுவழியை. நம் மக்களும் அவ்வாறே செய்தனர் என்றால், படிப்பவர் முறுவலிப்பார் என்று நம்புகின்றோம்.

மயக்கம் என்று நாம் கூறுவது இதனை. உரோமன் வழியில் அடிப்பவர், ‘அம்மா’ என்று நினைத்ததும் அதை முதலில் உரோமன் எழுத்தில் கூட்டிப் பார்க்கிறார். ழகரத்துக்கு எந்த எழுத்து, ணகரத்துக்குப் பெரிய எழுத்தா சிறிய எழுத்தா, ரகர றகரத்தை எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு விதம். பலர் மெனக்கெடுவதில்லை, தமிழெழுத்தே தோன்றாமல் உரோமன் எழுத்திலேயே செய்தியை அனுப்பிவிடுகின்றனர். 1554-இல் லிஸ்பனில் வேறு வழியின்றிச் செய்ததை, எல்லா வழியும் திறந்திருக்கும் நாளில் நாம் விரும்பியே செய்கின்றோம். அன்று அந்நிலையை மாற்ற 24 ஆண்டுகள் ஆயின. எழுத்து வார்ப்போரைத் தேடியலைய வேண்டியிருந்தது. இன்று தமிழ்99 கைப்பேசியிலும் கணினியிலும் விலையின்றிக் கிடைக்கிறது. பழகுவதற்கு வேண்டியது நாள்தோறும் அரைமணி வீதம் இரண்டு வாரம்.

1991-இல் வெளியான ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்ததும், 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றதும், எழுத்துருக் குழப்பத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டன. விசைப்பலகைக் குழப்பம் மட்டும் தீரவில்லை. ஒரே அலுவலகத்தில் அருகருகே அமர்ந்த இருவர் இரு முறையில் அடிப்பதைக் காணலாம். கோத்ரெஜ் 2009-இல் தட்டச்சுப் பொறி செய்வதை நிறுத்திவிட்டது. ஆயினும் ‘யளனக’ பழகிய விரல்கள் இன்னும் ஓயவில்லை. அவர்களை நோக்கி, உம் முறை பழையது, விட்டுவிடும் என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. குடும்பத்தைக் காத்த கைப்பழக்கம் அது. புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்பதே நம் கேள்வி. தம் பழைய பலகையின் மூடிகளைக் கழற்றி, கழுவி, தாம் விரும்பும் வரிசையில் மாட்டிக்கொள்ளும் ஆர்வலரைப் போல, தமிழ் எழுத்து பொறித்த ஒட்டுத்தாளை வாங்கி மூடிகளின் மேல் ஒட்டிக் கொடுப்பதற்குப் பெற்றோருக்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

ஒட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். எல்லாப் பலகையிலும் நடுவரிசையில் இரண்டு மூடிகளின் மேல் சிறு மேடு இருக்கும். கண்ணால் பாராமலே சுட்டுவிரல்கள் இடமறிந்து அமர்வதற்காக வைத்தது. இடக்கைச் சுட்டுவிரலின் கீழுள்ள அந்த மேட்டில், தட்டச்சு முறையில் இருப்பது ககரம். அஞ்சல் முறையில் இருப்பது, ஆய்தத்தைத் துணைக்கு அழைத்தே நாம் எழுதவேண்டிய ஓர் அயல் ஒலி. தமிழ்99-இல் இருப்பது, ஓலையில் கிழிந்து, கொல்லத்து அச்சில் விடுபட்டு, ஸ்டென்சிலில் துளையாகி வந்த அந்தப் புள்ளி.